கார் விவரத்தாளில் அச்சாகாத எண்

திருப்பூரில் வட்டப் பின்னல் எந்திரம் வாங்கப் போகிறவர் விலை பேசுவதற்கு முன்பே டயா என்ன, கேஜ் என்ன, எத்தனை ஃபீடர் என்று கேட்டுவிடுவார். எந்திரம் ஓடத் தொடங்கிய பிறகும் அவர் கவனம் கியூ.ஏ.பி. சக்கரத்தின் மேல் இருக்கும். நூல் அதேதான், ஊசி அதேதான், மோட்டாரும் அதேதான். அந்தச் சக்கரத்தின் விட்டத்தைச் சற்றுக் கூட்டினாலோ குறைத்தாலோ நூல் ஊட்டும் அளவு மாறும், லூப் நீளம் மாறும், ஜி.எஸ்.எம். மாறும், கடைசியில் கையில் படும் துணியே வேறாகிவிடும். எந்திரத்தின் குணத்தை இடையில் நிற்கும் விகிதம் தீர்மானிக்கிறது என்பதை இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இதே ஊர் கார் ஷோரூமுக்குப் போனால் குதிரைசக்தி எவ்வளவு, மைலேஜ் எவ்வளவு, நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை விநாடியில் தொடும் என்று மட்டும் கேட்டுவிட்டு முன்பணம் கட்டிவிடுகிறது. பின்கதவில் 'ஸ்போர்ட்' என்று எழுதியிருந்தால் கூடுதல் விலை கொடுக்கவும் தயங்குவதில்லை. கியர் விகிதம் என்ன என்று கேட்பவர் அரிது. கேட்டாலும் பதில் கிடைப்பது கடினம், ஏனென்றால் பெரும்பாலான கார்களின் விவரத்தாளில் அந்த எண் அச்சாவதே இல்லை. கையால் கியர் போட்டு ஓட்டும் காரில் ஓட்டுகிற சுகத்தை வேறெதையும்விட அதிகமாகத் தீர்மானிப்பது அந்த எண்தான். அதைச் சொல்லாமல் ஸ்போர்ட்ஸ் கார் என்று விற்பது வாங்குபவருக்குச் செய்யும் நியாயமல்ல.

கணக்கு எளிது. இன்ஜினின் சுழற்சி சக்கரத்துக்குப் போய்ச் சேருமுன் இரண்டு இடங்களில் குறைக்கப்படுகிறது. ஒன்று, நாம் கையால் போடும் கியர். மற்றொன்று, எல்லாக் கியருக்கும் பொதுவாக டிஃபரன்ஷியலோடு சேர்ந்திருக்கும் கடைசிப் பல்சக்கர இணை. மெக்கானிக்குகள் கிரவுன், பினியன் என்பது இதைத்தான். இரண்டு விகிதங்களையும் பெருக்கினால் மொத்த விகிதம் வரும். இரண்டாவது கியர் 1.9, கிரவுன் விகிதம் 4.4 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 8.36. அதாவது இன்ஜின் 8.36 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். ஒரு சுற்றுக்கு 1.9 மீட்டர் உருளும் டயர் மாட்டிய கார், இந்தக் கியரில் இன்ஜின் 6,000 ஆர்.பி.எம். தொடும்போது மணிக்கு 82 கிலோமீட்டர் வேகத்தில் போகும். வேறெதையும் தொடாமல் கிரவுன் விகிதத்தை மட்டும் 3.6 ஆக மாற்றினால் அதே கியரில், அதே 6,000 ஆர்.பி.எம்.மில் வேகம் 100 கிலோமீட்டர். முன்னதைக் குட்டைக் கியர் என்றும் பின்னதை நெட்டைக் கியர் என்றும் வைத்துக்கொள்வோம். விளம்பரத்தில் இரண்டு கார்களுக்கும் ஒரே இன்ஜின், ஒரே குதிரைசக்தி, ஒரே டார்க்தான் அச்சாகும். சாலையிலோ குட்டைக் கியர் கார் அதே மிதிக்குச் சக்கரத்தில் 22 சதவீதம் கூடுதல் இழுவை தருகிறது. இன்ஜினில் ஒரு பாகத்தைக்கூட மாற்றாமல் வரும் 22 சதவீதம் இது.

அந்த இழுவை முழுவதும் வேகமாக மாறிவிடும் என்று சொல்ல முடியாது. கியர் குட்டையாகும்போது ஃபிளைவீலையும் கிராங்கையும் சுழற்றவே இன்ஜின் கூடுதலாக உழைக்க வேண்டும். அந்தச் சுமை விகிதத்தின் இருமடிப்படி ஏறுகிறது. அதனால்தான் பந்தய கார்களில் குட்டைக் கியரோடு எடை குறைந்த ஃபிளைவீலையும் சேர்த்தே பொருத்துகிறார்கள். ஆனால் ஓட்டுபவரின் உடலுக்குத் தெரிவது இழுவை மட்டும் அல்ல. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும் உறுதியும் அதே விகிதத்தில் கூடுகிறது. காலை அரை அங்குலம் அழுத்தினால் முன்பக்கம் நிமிர்கிறது, எடுத்தால் முன்சக்கரங்களின் மேல் எடை வந்து அமர்கிறது, ஸ்டீயரிங் கூர்மையாகிறது. வளைவுக்குள் காரின் நிலையை வலது காலால் திருத்த முடிகிறது. ஸ்போர்ட்ஸ் கார் என்ற சொல்லுக்குப் பொருள் என்ன என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். நெட்டைக் கியர் போட்ட காரில் இதெல்லாம் மழுங்கிப்போகும். மிதித்தால் இரைச்சல் முதலில் வருகிறது, அசைவு பிறகு வருகிறது.

மொத்த விகிதத்துக்கு அடுத்து, கியர்களுக்கு நடுவே உள்ள இடைவெளியையும் பார்க்க வேண்டும். நம் சிறு கார்களில் முதல் கியர் 3.5க்குப் பக்கத்திலும் இரண்டாவது 1.9க்குப் பக்கத்திலும் இருப்பது சாதாரணம். முதல் கியரில் 6,000 வரை இழுத்து இரண்டாவதுக்கு மாற்றினால் இன்ஜின் 3,250 அளவுக்கு விழும். நன்றாக இழுத்துக்கொண்டிருந்த வண்டி ஒரு கணம் சோர்ந்துபோவதற்கு இதுதான் காரணம். பலர் அதற்கு இன்ஜினைத் திட்டுகிறார்கள். இப்போது விற்கும் மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் ஆறு வேக கியர்பாக்ஸைப் பார்ப்போம். மூன்றாவது 2.035, நான்காவது 1.594, ஐந்தாவது 1.286, ஆறாவது 1.000. மூன்றிலிருந்து நான்குக்கு மாற்றும்போது 7,000 ஆர்.பி.எம்.மில் இருக்கும் இன்ஜின் 5,500 அளவுக்குத்தான் இறங்கும். அதாவது அது உற்சாகமாக இழுக்கும் பகுதியிலேயே நிற்கும். கியர் மாற்றுவது தடங்கலாகத் தெரிவதில்லை, அடுத்த படியில் கால் வைப்பதாகத் தெரிகிறது.

இதே கார் 1989இல் முதன்முதலில் வந்தபோது அதன் 1.6 லிட்டர் இன்ஜினுக்குச் சுமார் 115 குதிரைசக்திதான். இன்று நம்மூர் நடுத்தரக் குடும்பம் வாங்கும் டர்போ எஸ்யூவிக்கும் ஏறக்குறைய அதே சக்தி இருக்கிறது. ஆனால் அந்த காரின் எடை ஒரு டன்னுக்குக் குறைவு, கிரவுன் விகிதம் 4.3. இரண்டாவது கியரில் 7,000 ஆர்.பி.எம். வரை இழுத்தாலும் வேகம் 95 கிலோமீட்டரைத் தொடாது. இன்ஜினை அதன் உச்சம்வரை பாடவிட்டு, கியர் மாற்றி, மறுபடி பாடவிட்டு, இவ்வளவையும் சட்டம் அனுமதிக்கும் வேகத்துக்குள்ளேயே செய்துகொள்ளலாம். இன்னொரு முனையில் போர்ஷே 718 கேமன் ஜிடி4 இருக்கிறது. 420 குதிரைசக்தி, 8,000 ஆர்.பி.எம். வரை ஓடும் அற்புதமான நான்கு லிட்டர் இன்ஜின், கையால் போடும் ஆறு கியர். உலகின் தேர்ந்த வாகன விமர்சகர்கள் அதைப் புகழ்ந்துவிட்டு ஒரே ஒரு குறையைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: கியர்கள் மிக நெட்டை. இரண்டாவது கியரின் உச்சியில் வேகம் ஏறத்தாழ 135 கிலோமீட்டர், மூன்றாவதில் 185. இந்தியாவின் எந்த விரைவுச்சாலையிலும் 120ஐத் தாண்ட அனுமதி இல்லை. ஆக, அந்த இன்ஜினின் சிறந்த பகுதியை முதல் கியரைத் தாண்டி அனுபவிக்க வேண்டுமானால் பந்தயத் தளத்துக்குப் போக வேண்டும், இல்லையென்றால் சட்டத்தை மீற வேண்டும். சக்தி குறைந்த கார் சாலையில் முழுமையாக ஓடுகிறது. சக்தி மிகுந்த கார் பாதி உறக்கத்தில் ஓடுகிறது. இந்த முரணுக்கு விகிதத்தைத் தவிர வேறு விளக்கம் இல்லை.

இவ்வளவு தெரிந்திருந்தும் கம்பெனிகள் ஏன் நெட்டைக் கியர் போடுகின்றன? பொறியாளர்களுக்கு அறிவில்லை என்பதல்ல. அவர்கள் ஓட்டுபவருக்காக மட்டும் காரைச் செய்வதில்லை, சோதனைக்கூடத்துக்காகவும் செய்கிறார்கள். ஐரோப்பாவில் 2017 வரை நடைமுறையில் இருந்த எரிபொருள் சோதனையில், கையால் கியர் போடும் கார் எந்த வேகத்தில் எந்தக் கியருக்கு மாற வேண்டும் என்பது முன்கூட்டியே விதிக்கப்பட்டிருந்தது. 15 கிலோமீட்டரில் இரண்டாவது, 35இல் மூன்றாவது, 50இல் நான்காவது, 70இல் ஐந்தாவது. கியர் எவ்வளவு நெட்டையோ அவ்வளவு குறைந்த சுற்றில் இன்ஜின் ஓடும், எண்கள் அழகாக வரும். நம் நாட்டின் சோதனைச் சுழற்சி அந்த ஐரோப்பிய முறையிலிருந்து வெட்டி எடுத்ததுதான். அதன் உச்சவேகம் 90 கிலோமீட்டர். ஒலிச் சோதனையிலும் 50 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டாவது, மூன்றாவது கியர்களில் முழுக்க மிதித்து அளக்கும் முறை நீண்டகாலம் இருந்தது. அங்கும் நெட்டைக் கியருக்கே லாபம். அதன் மேல், இந்தியாவில் ஒரு நிறுவனம் விற்கும் கார்களின் சராசரிக் கரியமில வாயு வெளியேற்றம் 2017-18 முதல் கிலோமீட்டருக்கு 130 கிராமுக்குள்ளும், 2022-23 முதல் 113 கிராமுக்குள்ளும் இருக்க வேண்டும் என்ற விதி. இந்த விதிகளின் நோக்கத்தில் குறை காண மாட்டேன், காற்று சுத்தமாக வேண்டும். கியர் நெட்டையாவதில் விளம்பரத்துக்கும் பங்குண்டு. இரண்டாவது கியரிலேயே நூறைத் தொட்டுவிட்டால் ஒரு கியர் மாற்றம் மிச்சம், விநாடிக் கணக்கு குறையும். அந்தக் காகித வெற்றிக்காக அன்றாடம் ஓட்டுகிறவர் விலை கொடுக்கிறார்.

அந்த விலை எங்கே தெரியும் என்று கேட்டால், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறிப் பாருங்கள் என்பேன். எண் போட்ட நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவில் வேகம் 20 கிலோமீட்டருக்கு இறங்கும். முன்சொன்ன நெட்டைக் கியர் காரில் அப்போது இரண்டாவதில் இன்ஜின் 1,200 ஆர்.பி.எம்.மில் இருக்கும், குட்டைக் கியர் காரில் 1,470. கேட்கச் சிறிய வித்தியாசம். ஆனால் 2006 மத்திய பட்ஜெட்டில் தொடங்கிய வரிச்சலுகை, நான்கு மீட்டருக்குள் அடங்கும் காருக்கு 1,200 சிசி பெட்ரோல் இன்ஜின்தான் என்று கட்டிவைத்திருப்பதால், இன்று நம் ஸ்போர்ட் ரகங்களில் பலவும் ஒரு லிட்டர் டர்போ இன்ஜினை நம்பி ஓடுகின்றன. 1,200 ஆர்.பி.எம்.மில் அந்த டர்போ இன்னும் விழித்திருக்காது. வண்டி முக்கும். முதல் கியருக்கு இறக்கினால் தலையில் அடித்ததுபோல் குதிக்கும். உடுமலையிலிருந்து சின்னாறு வழியாக மூணாறு ஏறுகிறவர்களும் இதை அறிவார்கள். டர்போ இன்ஜின் கீழ்ச்சுற்றிலேயே நிறைய டார்க் தருகிறது, அதற்கு நெட்டைக் கியர் போதுமே என்று சொல்பவர்கள் உண்டு. நெடுஞ்சாலையில் அது உண்மை. மலைப்பாதையின் வளைவில், டர்போ விழிக்கும் கோட்டுக்குச் சற்றுக் கீழே வண்டியை நிறுத்திவைக்கும் கியருக்கு அது பொருந்தாது.

குறைந்த சக்தியும் சரியான கியரும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உலகச் சான்றைத் தேடிப் போக வேண்டியதுகூட இல்லை, பல்லடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கோவை நூற்பாலைக் குடும்பம் ஒன்றில் பிறந்த எஸ்.கரிவரதன், வெளிநாட்டுப் பந்தய கார்களை வாங்க வசதியில்லாத இளைஞர்களுக்காக, மாருதி 800 காரின் 796 சிசி இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தய காரை உருவாக்கினார். அதுதான் ஃபார்முலா மாருதி. குடும்ப கார் ஒன்றின் இன்ஜின், ஆனால் இழுக்க வேண்டிய எடையோ மிகக் குறைவு. ஆகவே கியர் ஒவ்வொன்றும் அந்தச் சிறு இன்ஜினுக்கு வேலை கொடுத்தது. தவறான கியரில் வளைவுக்குள் போனவருக்கு மீட்சியில்லை. கோவையின் நரேன் கார்த்திகேயன் ஸ்ரீபெரும்புதூரில் தன் முதல் பந்தயத்தை ஓட்டியது அப்படிப்பட்ட காரில்தான். 2005இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரானார். கரிவரதன் 1995இல் சிறு விமான விபத்தில் மறைந்தார். அவர் பெயரில் செட்டிப்பாளையத்தில் 2003இல் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வே இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான தளம். அங்கே உச்சவேகத்துக்குப் பெரிய வேலை இல்லை, வளைவிலிருந்து எந்தக் கியரில் வெளியே வருகிறோம் என்பதே வெற்றி தோல்வி. அங்கு ஓடும் எல்ஜிபி ஃபார்முலா கார்களுக்கும் மாருதியின் 1,300 சிசி இன்ஜின்தான். எல்ஜிபி என்பது 1937இல் கோவையில் தொடங்கிய எல்.ஜி.பாலகிருஷ்ணன் சகோதரர்கள் நிறுவனம்; அதன் ரோலான் செயினையும் ஸ்பிராக்கெட்டையும் அறியாத டூவீலர் மெக்கானிக் இந்த வட்டாரத்தில் இருக்க மாட்டார். முன் ஸ்பிராக்கெட்டில் 14 பல்லுக்குப் பதில் 13 பல் போட்டால் பைக்கின் இழுவை எட்டு சதவீதம் கூடும் என்பது பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் இளைஞருக்கே தெரிந்த விஷயம். பைக்கில் சில நூறு ரூபாயில் கிடைக்கும் இந்த உரிமை, பல லட்சம் கொடுத்து வாங்கும் காரில் கிடையாது.

மாறாக, தெரியாமலே எதிர்த்திசையில் போகிறவர்கள் அதிகம். கார் எடுப்பாகத் தெரியப் பெரிய அலாய், பெரிய டயர் மாட்டுகிறார்கள். டயர் ஒரு சுற்றுக்கு உருளும் தூரம் 1.90 மீட்டரிலிருந்து 1.98 ஆனாலே 4.4 என்ற கிரவுன் விகிதம் நடைமுறையில் 4.22 ஆகிவிடும். ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லத் தொடங்கும். ஸ்போர்ட்ஸ் கார்போல் தெரிய வேண்டும் என்று செய்த செலவு, ஸ்போர்ட்ஸ் கார்போல் ஓடும் தன்மையைக் குறைத்துவிடுகிறது.

மைலேஜ் போய்விடுமே என்பதுதான் நம் மக்களிடம் முதலில் வரும் எதிர்ப்பு. நியாயமான கவலை, ஆனால் விடை கைவசம் உள்ளது. கிரவுன் விகிதம் 3.6, ஐந்தாவது கியர் 0.76 உள்ள கார் நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 2,400 ஆர்.பி.எம்.மில் ஓடும். கிரவுன் விகிதத்தை 4.4 ஆக்கி, கூடவே 0.62 விகிதத்தில் ஆறாவது கியர் ஒன்றைச் சேர்த்தால் அதே வேகத்தில் அதே 2,400தான். கீழ்க் கியர்கள் விளையாட்டுக்கு, மேல் கியர் சேலம் பயணத்துக்கு. போர்ஷே 2011இல் 911 காருக்குக் கையால் போடும் ஏழு வேக கியர்பாக்ஸ் கொடுத்தபோது இதைத்தான் செய்தது. உச்சவேகம் ஆறாவதில் வந்துவிடும், ஏழாவது எரிபொருளைச் சேமிக்க. வேகத்தைத் தூண்டுகிறீர்களே, ஏற்கெனவே அவிநாசி சாலையில் விபத்துகள் போதாதா என்ற எதிர்ப்பு இன்னும் கனமானது. அதை எடுத்தெறிய மாட்டேன். ஆனால் 80 கிலோமீட்டருக்குள்ளேயே முழு இன்பத்தையும் தரும் கார், அதே இன்பத்துக்கு 140ஐக் கேட்கும் காரைவிட ஆபத்தானது என்று யாரால் நிறுவ முடியும்? நெட்டைக் கியர் காரில் வேகம் தெரியாமல் ஏறுகிறது, இன்ஜின் உரக்கச் சொல்லி எச்சரிப்பதும் இல்லை. இறக்கத்தில் இன்ஜின் பிடிப்பு குறைவதால் பிரேக்கை நம்பியே இறங்க வேண்டியிருக்கிறது. பாதுகாப்பின் பக்கமிருந்து பார்த்தாலும் குட்டைக் கியருக்கே தீர்ப்பு சாயும்.

ஆட்டோமேட்டிக் வந்துவிட்டது, மின்சார கார் வந்துவிட்டது, இனி கியரைப் பற்றி எதற்குப் பேச்சு என்பார்கள். விநாடிக் கணக்கில் அவர்கள் சொல்வது சரி. முன்சொன்ன ஜிடி4 கார் கை கியரில் நூறைத் தொட 4.4 விநாடி, தானியங்கியில் 3.9. போட்டி அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் 2013இல் 911 ஜிடி3 காரைத் தானியங்கி கியரோடு மட்டும் வெளியிட்ட அதே நிறுவனம், 2017இல் கை கியரைத் திரும்பக் கொடுத்தது. வேகம் குறைவு என்று தெரிந்தே வாங்குபவர்கள் இருந்தார்கள். 2023இல் ஹூண்டாய் வெளியிட்ட ஐயானிக் 5 என் மின்சார கார். அதில் மாற்றுவதற்குக் கியரே கிடையாது. ஆனாலும் கியர் மாற்றும் உதறலையும் இன்ஜின் பிடிப்பையும் செயற்கையாக உண்டாக்கும் வசதியை வைத்திருக்கிறார்கள். இல்லாத கியரை உண்டாக்கவே இவ்வளவு உழைப்பு என்றால், இருக்கும் கியரைச் சரியாகச் செய்யும்படி கேட்பதில் பழமைவாதம் எதுவும் இல்லை. திருப்பூர் பழைய பேருந்து நிலையப் பக்கத்து நெரிசலுக்கு ஆட்டோமேட்டிக் வாங்குவது அறிவுடைய முடிவுதான். அதில் எனக்கு வழக்கில்லை. என் வழக்கு, கை கியரோடு ஸ்போர்ட்ஸ் ரகம் என்று பெயர் சூட்டி விற்கும் காரைப் பற்றியது.

செலவு கூடும், புதிய சான்றிதழ் வாங்க வேண்டும் என்று நிறுவனங்கள் சொல்லும். ஸ்போர்ட் ரகத்துக்குத் தனி பம்பர், தனி சைலன்சர் முனை, சிவப்புத் தையல் போட்ட இருக்கை எல்லாம் செய்ய முடிகிறவர்களுக்குத் தனி கிரவுன், பினியன் எட்டாத காரியமல்ல. அமெரிக்காவில் பிக்கப் டிரக் வாங்குகிறவர் பின் அச்சு விகிதத்தைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கிறார். அவ்வளவு தூரம் போவானேன், திருப்பூருக்கு நூல் மூட்டை ஏற்றி வரும் லாரியின் விவரத்தாளைப் பாருங்கள். கியர்பாக்ஸ் வகை, பின் அச்சு விகிதம், எத்தனை சதவீத ஏற்றத்தில் ஏறும் என்பது வரை அச்சிட்டிருக்கும். லாரி முதலாளிக்குக் கொடுக்கும் மரியாதையைக் கார் வாங்குபவருக்கும் கொடுக்கலாம். ஒவ்வொரு கியரின் விகிதமும் கிரவுன் விகிதமும் எல்லா கார் விவரத்தாளிலும் அச்சாக வேண்டும். வாகனத் துறைக்கான விதிகளை எழுதும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இதைக் கட்டாயமாக்கலாம். அதுவரை வாங்குபவர்கள் இரண்டு காரியம் செய்யுங்கள். டெஸ்ட் டிரைவுக்குப் போனால் நேர்ச்சாலையில் மட்டும் ஓட்டிப் பார்க்காதீர்கள். ஏதாவது ஒரு மேம்பால ஏற்றத்தில் இரண்டாவது கியரில் 20 கிலோமீட்டரிலிருந்தும், மூன்றாவதில் 40இலிருந்தும் மிதித்துப் பாருங்கள். திரும்பி வந்ததும் கிரவுன் விகிதம் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராத காருக்கு ஸ்போர்ட் என்ற பெயருக்காகக் கூடுதலாக ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.